திக்குத் தெரியாத வேளையில் திருவுளம் வினவுதல்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், முற்காலத்துச் செங்கற்சூளைகளும் அவற்றின்பின் எழுந்த ரயில்வே குடியிருப்புகளும் இருந்த நிலப்பரப்பிலே, 1894-இல் சிங்கள மக்கள் நிறுவிய பௌத்த மகா விகாரையும், 1904-இல் தோன்றிய விவேகானந்த ஆசிரமமும், இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும், தமிழ் மெதடிஸ்டு சபையாரின் ஆலயமும், கத்தோலிக்கரின் பாத்திமா மாதா கோயிலும் நடந்து சென்று பார்க்கக்கூடிய தொலைவுக்குள் நிற்கின்றன. அவற்றுக்கிடையே கடைத்தெருவின் அஞ்சடி நடைபாதையில், சிறு மேசையும் கிளிக்கூண்டும் சீட்டுக்கட்டுமாக ஜோதிடர் சிலர் அமர்ந்திருக்கின்றனர். இவ்விடங்களுக்கு வருவோரில் பெரும்பாலோர் நன்றி சொல்லவோ நேர்த்திக்கடன் செலுத்தவோ வருகின்றவர்கள். ஆயினும் ஒரு பகுதியினர் உள்ளத்தில் ஒரு வினாவைச் சுமந்து வருகின்றனர். மகளை இந்த வரனுக்குக் கொடுக்கலாமா, இருக்கும் உத்தியோகத்தை விட்டுச் சிங்கப்பூருக்குப் போகலாமா, உடன்பிறந்தான்மேல் வழக்குத் தொடுப்பதா சமாதானம் பேசுவதா, தாயாரின் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் எழுதிக் கொடுப்பதா என்று தம் புத்தியினால் நிர்ணயிக்க இயலாத விஷயங்களைத் தெய்வத்தின் திருமுன் வைத்து விடை வேண்டி நிற்கும் இவர்களுடைய செயலே இக்கட்டுரையின் பொருள்.

ஆராயப் புகுமுன் ஒரு வேறுபாட்டை வகுத்துக்கொள்வது நலம். வரப்போவது என்ன என்று கேட்பதும், நான் செய்யத்தக்கது என்ன என்று கேட்பதும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் பிறப்பினும் ஒன்றல்ல. முன்னதற்கு விடை கிடைத்துவிட்டால் கேட்டவனுக்குக் காரியம் ஏதும் மிச்சமில்லை. காத்திருப்பது ஒன்றே அவன் பங்கு. பின்னதற்கு விடை கிடைக்கும்போதோ அவன் பங்கு அப்போதுதான் தொடங்குகிறது. நம்மவர் சம்பிரதாயங்களில் இவ்விரண்டும் ஊடும் பாவும்போலப் பின்னிக் கிடக்கின்றன. எந்த வழக்கத்தில் எது மேலோங்கி நிற்கிறது என்று பிரித்துப் பார்த்தாலன்றி, எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும் எல்லாவற்றையும் தெய்வ சித்தம் என்று ஏற்போரும் ஒருவரோடொருவர் என்றைக்கும் பேசிக்கொள்ள இயலாது.

தமிழில் இதன் தொன்மையான வடிவம் விரிச்சி கேட்டல். தொல்காப்பியம் போர்த்தொழிலின் தொடக்கத்தில் அதனைக் குறிப்பிடுகிறது. நப்பூதனாரின் முல்லைப்பாட்டோ அதனை ஒரு முழுக் காட்சியாகவே வரைந்து காட்டுகிறது. போர்மேற் சென்ற தலைவன் மீளும் காலம் தெரியாது தலைவி வருந்தியிருக்க, முதுபெண்டிர் நாழி நெல்லோடு முல்லை மலரைத் தூவி ஊர்ப்புறத்தே கைதொழுது நிற்கின்றனர். அப்போது தாய்ப்பசுவைக் காணாது துயருறும் கன்றினை நோக்கி, குளிரால் நடுங்கும் ஆய்மகள் ஒருத்தி, தாய்மார் இதோ வந்துவிடுவர் என்று ஆறுதல் கூறுகிறாள். அச்சொல்லையே நற்சொல்லாகக் கொண்டு முதுபெண்டிர் தலைவியிடம் திரும்புகின்றனர். இங்கே கவனிக்கத்தக்கது, சொன்னவள் யாருக்காகச் சொன்னாள் என்பது. அவள் கன்றுக்குச் சொன்னாள். தன் வாய்மொழி ஒரு பெருமனையின் கவலைக்கு மருந்தாகப் போகிறதென்று அவள் கனவிலும் அறியாள். அறியாது சொன்னமையாலேயே அது தெய்வத்தின் சொல்லெனக் கொள்ளப்பட்டது. நற்சொல்லை முதியோர் எடுத்துரைத்தும் தலைவி உடனே தேறிவிடவில்லை என்று புலவர் பாடியிருப்பது என்னை மிகவும் கவர்ந்த இடமாகும். விடை கிடைத்தாலும் துயரம் தன் கதியில்தான் ஆறும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

சங்கப் புலவர்கள் குறிகேட்டலை அப்படியே ஏற்றுக்கொண்டனரென்று எண்ணுவதும் பிழை. காதலால் மெலிந்த மகளின் நோய்க்குக் காரணம் தெரியாத தாய், கட்டுவிச்சியை அழைத்து நெல்லெண்ணச் செய்கிறாள். வேலனை அழைத்துக் கழங்கு பார்த்து வெறியாடச் செய்கிறாள். முருகனே அணங்கினான் என்று வேலன் கூற, உண்மை அறிந்த தோழி உள்ளுக்குள் நகைக்கிறாள். நற்றிணையில் ஒரு தோழி, இந்நோய்க்குக் காரணம் நீயல்ல என்று தெரிந்திருந்தும் வெறியயர் களத்துக்கு வந்து நிற்கிறாயே என்று முருகனையே நேர்நின்று அறிவில்லாதவன் எனக் கடிந்துகொள்கிறாள். தெய்வத்தின்பால் பக்தியும், தெய்வத்தின் பெயரால் சொல்லப்படும் சொல்லின்பால் சந்தேகமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம் என்பதற்கு இதனினும் பழைய சான்று நமக்கு வேண்டுவதில்லை. பிற்காலத்தில் ஆண்டாள், கண்ணனோடு கூடுவேனாவென்று கண்ணை மூடி மணலில் வட்டம் வரைந்து அதன் முனைகள் கூடுமாவென்று பார்க்கும் கூடலிழைத்தலை ஒரு பதிகம் முழுவதும் பாடினாள். அவள் அங்கே வரப்போவதை அறிய விரும்பியவளாகத் தோன்றவில்லை, தன் சித்தத்தின் உறுதியையே மீண்டும் மீண்டும் வரைந்தவளாகவே தோன்றுகிறாள்.

சைவ மரபில் இதற்கென அமைந்த மிக உயரிய முறை திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்தல். ஏட்டுச்சுவடியை வழிபட்டு, அதனிடையே கயிற்றைச் செலுத்தி, கயிறு நின்ற ஏட்டில் காணும் பாடலைத் தம் வினாவுக்கு இறைவன் அளித்த விடையாகக் கொள்வர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் திருத்துறையூரிலிருந்த தம் குலகுரு சகலாகம பண்டிதரிடம் சென்றார். பண்டிதர் தேவார ஏட்டில் கயிறு சாத்தினார். சம்பந்தர் திருவெண்காட்டின் மூன்று குளங்களில் நீராடுவோர் பெறும் பேற்றைச் சொல்லும் பாடல் கிடைத்தது. தம்பதியர் அங்கே சென்று நீராடி வழிபட்டிருந்து பெற்ற பிள்ளையே, திருவெண்ணெய்நல்லூரில் மாமனின் இல்லத்தில் வளர்ந்து, சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார். கயிறு சாத்திய சகலாகம பண்டிதரே பின்னாளில் அச்சிறு பிள்ளையின் திருவடியில் விழுந்து அருணந்தி சிவாசாரியார் ஆனார் என்பது இவ்வரலாற்றின் உச்சி. தாம் எடுத்துக் கொடுத்த விடை தமக்கும் ஒருநாள் குருவாக வந்து நிற்கும் என்று கயிறு சாத்திய வேளையில் அவர் எப்படி அறிந்திருக்க முடியும்?

இந்த நிகழ்ச்சியில் மற்றொன்றும் உண்டு. ஏட்டில் வந்த பாடல் பிள்ளை பிறக்கும் என்று வாளா சொல்லி விடவில்லை. ஓரிடத்துக்குச் செல்லவும், அங்கே தங்கி நீராடவும், வழிபடவும் ஏவிற்று. அதனைப் படித்துப் பொருள் கூறியவர் அக்குடும்பத்தைத் தலைமுறையாக அறிந்த குரு. கேட்டவரின் வாழ்வை அறிந்து, அவருடைய நன்மையிலன்றி வேறொன்றில் நாட்டமில்லாத ஒருவர் நடுவே இருந்தார். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் கயிறு சாத்துவதும் சீட்டெடுப்பதும் ஒன்றேயாகிவிடும் என்பது என் கருத்து. திருமறைக்காட்டில் நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது கோளறு பதிகம் பாடி மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரின் நிலை வேறு. செய்யத்தக்கதில் ஐயமற்றவருக்கு நாளைக் கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

பூக்கட்டிப் பார்த்தல் இன்றும் கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் இல்லங்களில் உயிரோடிருக்கும் வழக்கம். வெள்ளைப்பூ ஒன்றையும் சிவப்புப்பூ ஒன்றையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சுவாமியின் பாதத்தில் வைத்துத் தீபாராதனை காட்டியபின், எதில் எது என்று தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வர். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்தது, சிவப்பு வந்தால் இல்லை. ஆய்மகளின் இடத்தில் இங்கே குழந்தை நிற்கிறது. காங்கேயத்தை அடுத்த சிவன்மலையில் பக்தர் ஒருவர் கனவில் முருகன் கேட்டதாகச் சொல்லும் பொருளை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், பூப்போட்டுக் கேட்டு உத்தரவு பெற்ற பின்னரே அங்குள்ள பெட்டியில் வைக்கின்றனர் என்பதும் சிந்திக்கத்தக்கது. ஒருவன் கண்ட கனவு ஊரார் முன்னிலையில் சோதிக்கப்படுகிறது. வீட்டில் நடப்பதோ சில சமயங்களில் வேறு. சிவப்பு வந்தால், சரியாக வேண்டிக்கொள்ளவில்லை என்று மறுபடி கட்டுகிறார்கள்; வெள்ளை வரும்வரை கட்டுகிறார்கள். அப்படிச் செய்பவர் தம்மையறியாமல் ஓர் உண்மையை வெளிப்படுத்தி விடுகின்றனர். அவர்களுடைய மனம் முன்பே தீர்மானித்துவிட்டது. அவர்களுக்கு வேண்டியது வழியன்று, துணை.

இந்தத் துணை ஏன் இம்மண்ணில் இவ்வளவு அரிதாயிற்று என்பதை அறிய மலாயாவுக்கு வந்த தமிழர் வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் தனியராக வந்தனர். 1910-இல் அம்முறை ஒழிந்தபின் காங்காணிகள் தம் ஊராரையும் உறவினரையும் கூட்டி வந்தமையால் தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் சிறிது சுற்றம் சேர்ந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளரை அனுப்புவதைத் தடுத்தபோது, ஊரிலிருந்த தாய்மாமனும் பெரிய தகப்பனாரும் கடிதத்தில் மட்டும் வாழ்பவர்களாகிவிட்டனர். பெண் கொடுப்பது, நிலம் வாங்குவது, சண்டையைத் தீர்ப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் யாரைக் கேட்டுக் காரியம் செய்வது வழக்கமோ அவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தனர். யுத்தகாலத்தில் சயாம் மரண ரயில்வேக்குப் பல்லாயிரக்கணக்கான தோட்டத்து ஆடவரை ஜப்பானியர் கொண்டு சென்றபோது எஞ்சிய பெண்கள், அவன் இருக்கிறானா இல்லையா, தாலியைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்ற வினாவை யாரிடம் கேட்டிருப்பார்கள்? தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கேட்டிருக்க முடியாது. லயத்துக்கு அப்பால் மரத்தடியில் நின்ற முனீஸ்வரரிடமும் காளியம்மையிடமும்தான் கேட்டிருக்க முடியும். சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாறியும் மறைய, அக்குடும்பங்கள் கிள்ளானிலும் பூச்சோங்கிலும் கோலாலம்பூரின் ஓரங்களிலும் வந்து குடியேறின. தோட்டத்தில் திரண்டிருந்த கொஞ்ச நஞ்சச் சுற்றமும் அடுக்குமாடிகளில் சிதறிற்று.

கே. தம்புசாமிப் பிள்ளை 1873-இல் கோலாலம்பூரில் நிறுவிய மகாமாரியம்மன் கோயிலும், அவரே 1891-இல் வேல் வைத்து வழிபாட்டுக்கு அடிகோலிய பத்துமலையும், கிள்ளானின் சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பின. எனினும் பெருங்கோயில்களில் அர்ச்சனைச் சீட்டு வாங்கிப் பெயரும் நட்சத்திரமும் சொல்லலாம்; கவலையைச் சொல்ல இடமில்லை. கவலையைச் சொல்ல மக்கள் போகுமிடம் வேறு. வெள்ளிக்கிழமை இரவுகளில் வீட்டோடு ஒட்டிய சிறு கோயில்களில் சாமி இறங்கி வாக்குச் சொல்லும் இடங்கள் அவை. நம்மவர் அதனைச் சாமி பார்க்கப் போதல் என்பர். சாமியாடி கேட்கும் முதற் கேள்வியே, என்ன பிள்ளை, என்ன சங்கடம் என்பதுதான். நாள் முழுதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்த ஒரு பெண்ணை அப்படி அன்போடு விசாரிப்பவர் அந்த வாரத்தில் வேறு எவரும் இருந்திருக்க மாட்டார்கள். அவள் அழுகிறாள், நெற்றியில் திருநீறு பெறுகிறாள், மனம் இலேசாகித் திரும்புகிறாள். இதனை இகழ்வதற்கு எனக்கு நாவெழவில்லை.

ஆனால் இதே இடத்தில் விளையும் தீங்கையும் மறைத்தலாகாது. சங்கடத்துக்குக் காரணம் செய்வினை என்று சொல்லி, செய்தவள் உன் நாத்தனார், உன் ஓரகத்தி என்று விரல் நீட்டும் வாக்கினால் பிரிந்த குடும்பங்கள் உண்டு. பரிகாரம் என்ற பெயரால் ஆயிரக்கணக்கான வெள்ளி கைமாறுவதும் உண்டு. மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோயைத் தாயத்தில் கட்டி வைத்துக் காலம் கடத்துவதும் உண்டு. விரிச்சியின் ஆய்மகளுக்கு அந்தப் பெருமனையிலிருந்து ஒரு காசும் வரவேண்டியதில்லை. தான் என்ன சொல்கிறோம் என்று நன்றாக அறிந்து, சொல்லுக்கு விலையும் வைத்து, கேட்பவரின் அச்சத்தால் தன் வருவாய் பெருகும் நிலையில் இருப்பவர் சொல்லும் சொல்லைத் தெய்வத்தின் சொல்லென்று கொள்ள நம் முன்னோர் வகுத்த எந்த மரபும் இடங்கொடுக்கவில்லை. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து சுற்றுப்பிரயாணம் செய்த பெரியாரும் அவர் வழி வந்த சுயமரியாதையாளரும் இவ்வியாபாரத்தை வன்மையாகக் கண்டித்தனர். அக்கண்டனத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அவ்வியாபாரியின் வாசலில் நின்ற பெண்ணின் தனிமைக்கு அவர்கள் என்ன மாற்றுச் செய்தனர் என்ற கேள்விக்குத்தான் போதிய விடை காணேன்.

பிற சமயத்தாரின் வழிகளை இங்கே ஒப்புநோக்குவது பயன்தரும். தமிழ் முஸ்லிம்கள் ஒரு காரியத்தில் இருமனப்பட்டால் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா துஆவை ஓதுகின்றனர். நபிகள் நாயகம் தம் தோழர்களுக்குக் குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்பிப்பதுபோல இதனைக் கற்பித்தார் என்று ஜாபிர் அவர்களின் அறிவிப்புச் சொல்கிறது. இக்காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நன்மையாயின் எளிதாக்கு, தீமையாயின் என்னை விட்டு விலக்கு, நன்மை எங்கிருப்பினும் அதில் எனக்குத் திருப்தியைத் தா என்பது அதன் கருத்து. இதன்பின் கனவு வரவேண்டும், பச்சையும் வெள்ளையும் தோன்றவேண்டும் என்று பாமரர் காத்திருந்தாலும், அதற்கு அவசியமில்லை, அறிந்தோரிடம் ஆலோசித்துத் துணிந்து செயலில் இறங்குக என்றே மார்க்க அறிஞர் கூறுகின்றனர். வரப்போவதை அறிவிக்கும்படி அங்கே ஒரு சொல்லும் இல்லை. நான் கண்ட முறைகளில் இத்தனைச் சுருக்கமும் இத்தனைத் தெளிவும் உடையது பிறிதில்லை.

கிறிஸ்தவத் தமிழர் புத்தாண்டு இரவின் ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டையை எடுத்து, அவ்வாண்டுக்குக் கர்த்தர் தமக்குத் தந்த வாக்காகப் பேணுவர். இதன் வேர் மிகத் தொன்மையானது: 386-இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் தன் வாழ்வைத் திருப்ப வலிமையின்றி அழுதுகொண்டிருந்த அகுஸ்தீன், பக்கத்து வீட்டுக் குழந்தையொன்று எடுத்துப் படிக்கும்படி பாடியதைக் கேட்டுப் பவுலின் நிருபத்தைத் திறந்தார். அக்குழந்தை ஏதோ விளையாட்டில் பாடிற்று! முல்லைப்பாட்டின் ஆய்மகளுக்கும் மிலான் நகரத்துக் குழந்தைக்கும் உள்ள இந்த உறவை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மிகுகிறது. இயேசு சபையின் நிறுவனர் இக்னேஷியஸ் வகுத்த முறை இதனினும் பொறுமையானது. 1521-இல் போரில் கால் முறிந்து படுத்திருந்தபோது, எந்த எண்ணம் நெடுநேரம் மகிழ்வை விட்டுச் செல்கிறது, எது வறட்சியை விட்டுச் செல்கிறது என்று தம் உள்ளத்தையே அவர் நாள்தோறும் கவனித்தார். அக்கவனத்தைப் பயிற்சியாக்கி, துணைக்கு ஒரு வழிகாட்டியையும் அமைத்தார். வீரமாமுனிவர் பயின்றதும் இப்பள்ளியிலேதான். பெட்டாலிங் ஜெயாவின் பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் இன்றும் அச்சபையினர் பணியாற்றுகின்றனர்.

மகாமாரியம்மன் கோயிலின் அருகே 1888-இல் எழுந்த சீனரின் குவான் தி கோயிலில் மூங்கிற் குச்சிகளைக் குலுக்கி விடை கேட்கும் வழக்கம் உண்டு. தமிழரும் சிலர் அங்கே செல்வதும், சீனர் மாரியம்மனிடம் வருவதும் இந்நகரில் எவரும் வியவாத காட்சி. பௌத்தமோ குறி சொல்லுதலைத் துறவியர்க்குத் தகாத இழிதொழில்களுள் ஒன்றாக எண்ணியது. 1952-இல் பிரிக்பீல்ட்ஸ் விகாரைக்கு வந்து 2006-இல் மறையும்வரை அங்கேயே பணிபுரிந்த கே. ஸ்ரீ தம்மானந்த தேரர், வந்தவரெல்லாம் கேட்கும் கேள்விகளுக்கு எளிய மொழியில் விடையிறுத்து, மூட அச்சங்களை ஒழிக்கும் நூல்களை எழுதிப் பரப்பினார். அவர் எதிர்காலம் சொன்னவரல்லர். ஆனால் அவரிடம் சென்று பேசலாம் என்ற எண்ணமே அந்நகரத்துப் பல சமயத்தவருக்கு ஆறுதலாயிருந்தது.

இம்மண்ணிலேயே வழி தெரியாது நின்று வழி கண்ட ஒருவரின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம். பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசுவாமி, தஞ்சையில் வைத்தியம் பயின்று 1913-இல் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். சிரம்பானை அடுத்த ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில் ஏழாண்டும் பின்னர் ஜொகூரில் மூன்றாண்டும் டாக்டராகப் பணியாற்றினார். நல்ல சம்பளம், நல்ல பெயர். ஏழை நோயாளிக்கு மருந்தோடு கைக்காசும் கொடுத்தனுப்பும் கருணை. குறையென்று சொல்ல ஏதுமில்லாத அந்த வாழ்வில்தான் அவருக்கு இதுவன்று என்ற எண்ணம் முளைத்தது. நோயைத் தீர்த்தாலும் நோய்க்கு ஆளான பிறவி தீரவில்லையே என்று கருதினார். அவரிடம் சிகிச்சை பெற்ற சாது ஒருவர் வேதாந்த நூலொன்றைக் கொடுத்துச் சென்றார். அதன்பின் பல சமய நூல்களையும் படித்தார், பஜனை செய்தார், பணியையும் விடாது செய்தார். 1923-இல் உத்தியோகத்தைத் துறந்து தாயகம் திரும்பினார்.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது, அவர் புறப்பட்டபோது போகுமிடம் அவருக்குத் தெரியாது என்பது. காசிக்குச் சென்றார், அங்கிருந்து நடந்தும் அலைந்தும் மராட்டிய நாட்டுச் சிற்றூரொன்றை அடைந்தார், அங்கே ஒரு தபால் நிலையத் தலைவரின் வீட்டில் சமையல் வேலை செய்தார். டாக்டராக இருந்தவர் கரண்டி பிடித்தார். தனித்திருந்து தவம் செய்யத் தக்க இடம் எது என்று அவர் கேட்க, ரிஷிகேசத்துக்குப் போங்கள் என்றார் அந்தத் தபால் நிலையத் தலைவர். 1924-இல் ரிஷிகேசம் சேர்ந்து, அவ்வாண்டு ஜூன் மாதம் 1-ஆம் தேதி விசுவானந்த சரஸ்வதியிடம் சந்நியாசம் பெற்றுச் சிவானந்தர் ஆனார். 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அசரீரி ஒலிக்கவில்லை, பூவும் விழவில்லை. மலாயாவில் ஒரு நோயாளி கொடுத்த புத்தகமும், மராட்டியத்தில் ஒரு தபால் நிலையத் தலைவர் சொன்ன ஊர்ப்பெயருமே அவருக்குக் கிடைத்த உத்தரவுகள். அவ்விருவரும் தாம் கொடுத்தது என்னவென்று அறிந்திருந்தாரல்லர். ஆனால் பத்தாண்டு நோயாளிகளின் வாயைக் கவனித்துக் கேட்டுப் பழகிய செவி அவருக்கு இருந்தது. அவரை அனுப்பிவைத்த நாட்டிலேயே, பத்துமலையின் அடியில், அவர் பெயரால் ஓர் ஆசிரமம் இன்று நிற்கிறது.

பகவத் கீதையின் அமைப்பும் இதனோடு இயைகிறது. இரண்டாம் அத்தியாயத்தில் தர்மம் எது என்று தெரியாது மயங்கிச் சீடனாகச் சரணடையும் அர்ஜுனனுக்குக் கண்ணன் பதினெட்டாம் அத்தியாயம் வரை உபதேசித்துவிட்டு, இறுதியில், இவை யாவற்றையும் நன்கு ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று தீர்மானத்தை அவன் கையிலேயே திரும்பக் கொடுக்கிறான். அதனை அடுத்துச் சரணாகதியும் பேசப்படுகிறதென்பது உண்மையே. எனினும் ஆராய்வதிலிருந்து அவனை விடுவித்த பிறகு அது பேசப்படவில்லை. பகவானே நேர்நின்று பேசிய இடத்தில்கூட வில்லை எடுப்பதும் வைப்பதும் மனிதன் பொறுப்பாகவே விடப்பட்டதென்றால், ஒரு கிளி எடுத்த சீட்டு அப்பொறுப்பை நீக்கிவிடும் என்று எண்ணலாமா?

பூச்சோங் சாலை ஆறாவது மைலில் சுத்த சமாஜத்தை நிறுவிய சுவாமி சத்தியானந்தரையும் இங்கே குறிப்பிட வேண்டும். யுத்தம் முடிந்து அநாதைக் குழந்தைகளும் சிதறிய குடும்பங்களுமாக நாடு கிடந்த காலத்தில், சமயம் எதுவாயினும் ஒருங்கே தியானிக்க ஒரு கோயிலும், குழந்தைகளுக்கு இல்லமும் பள்ளியும் அமைத்தார். 1961-இல் அவர் மறைந்த பின் அன்னை மங்களம் அப்பொறுப்பைத் தம் தோளில் ஏற்று 2023-இல் தாமும் மறையும்வரை தொண்டாற்றினார். என் வாழ்வின் வழி யாது என்று தியானத்தில் கேட்டவர்களுக்கு வாசலில் வந்து நின்ற குழந்தை விடையாக அமைவதும் உண்டு என்பதற்கு இவர்களுடைய சரித்திரத்தைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் இப்பள்ளத்தாக்கில் எனக்குத் தெரியவில்லை.

இன்று இவ்வினாவைக் கேட்போரில் இளைஞர் மிகுதி. எஸ்.பி.எம். தேர்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவம் கிடைக்காதபோது கடன் வாங்கி வெளிநாடு போவதா, இங்கேயே தொழிற்கல்வி பயில்வதா என்று தெரியாது, தாயோடு கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் கடைத்தெருவில் ஜாதகத்தோடு நடக்கும் பெண்ணுக்கு, அந்தத் துறைகளை அறிந்த ஒருவரோடு அரைமணி நேரம் பேச வாய்ப்பில்லை. கோயிலில் உள்ள அர்ச்சகரோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை உரிமத்தில் வந்து சில ஆண்டுகளில் திரும்ப வேண்டியவர். சகலாகம பண்டிதரைப் போல அக்குடும்பத்தைத் தலைமுறையாக அறிந்திருக்க அவருக்கு வழியில்லை, அது அவர் குற்றமுமன்று. ஆகவே ஆலய நிர்வாகத்தார் வெள்ளிக்கிழமை மாலைப் பூஜைக்குப் பின், மண்டபத்தின் ஒரு பக்கத்தில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரையும் தாதியாகப் பணிபுரிந்த அம்மையார் ஒருவரையும் சட்டமறிந்த ஒருவரையும் அமரச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்த விரும்புகிறேன். பூக்கட்டிப் பார்க்க விரும்புவோர் பார்க்கட்டும். ஓதுவார் இருக்கும் கோயிலில் திருமுறையில் கயிறும் சாத்தட்டும். அதற்கு முன்னும் பின்னும் அப்பெண் தன் மதிப்பெண் பட்டியலைப் பிரித்துக் காட்டவும், கடன் தொகையை வாய்விட்டுச் சொல்லவும், கேட்டதை வெளியே சொல்லாத ஒருவர் எதிரில் இருக்கவேண்டும். இதற்குத் தனிக் கட்டடமோ கும்பாபிஷேக நிதியோ தேவையில்லை. மூன்று நாற்காலிகளும், காது கொடுக்கச் சம்மதிக்கும் மூவரும் போதும். அத்தகையோர் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஒவ்வொரு கோயிலின் பிராகாரத்திலும் ஏற்கெனவே வாரந்தோறும் வலம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்; அவர்களை ஒருவரும் இதுவரை அழைத்து உட்காரச் சொல்லவில்லை.